கொதிக்கும் நேரமும் மருந்துதான்

ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன், சீனாவின் இன்றைய ஹெனான் மாகாணத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் குளிர்காய்ச்சலுக்கு ஒரு கஷாயம் எழுதி வைத்தார். சரக்குகள் ஐந்தே ஐந்து: இலவங்கப்பட்டை மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், இஞ்சி, வாட்டிய அதிமதுரம், 12 சீன இலந்தைப் பழம். ஏழு பங்கு தண்ணீரைச் சிறுதீயில் மூன்று பங்காகச் சுண்டவைத்து வடிகட்ட வேண்டும். அதில் ஒரு பங்கை இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும்.

சீட்டு அதோடு முடியவில்லை. மருந்து குடித்துச் சற்றுப் பொறுத்து, சுடச்சுட நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார். பிறகு இரண்டு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். உடம்பெங்கும் இலேசாக வியர்க்க வேண்டும். வியர்வை ஊற்றாகப் பெருகினால் நோய் போகாது. முதல் வேளையிலேயே வியர்த்துக் குணம் தெரிந்தால் மீதி மருந்தை நிறுத்திவிட வேண்டும். வியர்க்காவிட்டால் இடைவெளியைக் குறைத்து அடுத்த வேளை. பச்சையானது, குளிர்ந்தது, பிசுபிசுப்பானது, இறைச்சி, மாவுப் பண்டம், பூண்டு வெங்காய வகை, மது, பால் பொருள் எல்லாம் விலக்கு. பத்தியத்தோடு வளர்ந்த நம் வீடுகளுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது.

சரக்குகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவற்றைக் குடிக்கும் விதத்துக்குத்தான் இவ்வளவு பேச்சு. ஜாங்குக்கு அந்த அக்கறை வரக் காரணம் இருந்தது. 200 பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில், பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனதாக தன் மருத்துவ நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது காய்ச்சல். அவருடைய கஷாயங்கள் இன்றும் பெய்ஜிங், தைபே, தோக்கியோ மருந்தகங்களில் நிறுக்கப்படுகின்றன.

சீன மூலிகை மருத்துவத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். இந்த மருத்துவத்தில் மூலிகை பாதி. பக்குவமும் உண்ணும் முறையும் மறுபாதி. அது உலகுக்குத் தந்த மிகப் பெரிய நன்மையும், அதன் பெயரால் நேர்ந்த மிகப் பெரிய கேடும் அந்த மறுபாதியில்தான் இருக்கின்றன.

மூன்று பேருக்கு மூன்று சீட்டு

ஒரே வாரத்தில் சளிக்காய்ச்சலோடு மூன்று பேர் சீன மருத்துவரிடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே மருந்து கிடைக்காது. மருத்துவர் முதலில் முகத்தையும் நாக்கையும் பார்ப்பார். நாக்கின் நிறம், மேல்படிந்த மாவு, ஈரப்பதம் எல்லாம் அவருக்குக் கணக்கு. குரலையும் மூச்சையும் கேட்பார், வாடையைக் கவனிப்பார். பசி, தூக்கம், தாகம், மலஜலம் பற்றி விசாரிப்பார். கடைசியில் இரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து மூன்று இடங்களில் நாடி பார்ப்பார்.

குளிர் நடுக்கம் இருந்து வியர்வையே வராதவருக்கு எஃபெட்ரா செடியின் தண்டு சேர்ந்த கஷாயம். குளிரும் இருந்து வியர்வையும் வருகிறவருக்கு மேலே சொன்ன இலவங்கக் குச்சிக் கஷாயம். தொண்டை சிவந்து தாகமாக இருப்பவருக்கு ஹனிசக்கிள் பூவும் ஃபார்சித்தியா காயும் சேர்ந்த குளிர்ச்சியான மருந்து. அதாவது நோயின் பெயரைவிட, அது இந்த உடம்பில் எப்படிக் குடிகொண்டிருக்கிறது என்பதே கேள்வி. ஒவ்வொரு சரக்குக்கும் சூடு, இளஞ்சூடு, இளங்குளிர்ச்சி, குளிர்ச்சி என்று ஒரு குணமும், புளிப்பு, கசப்பு, இனிப்பு, காரம், உப்பு என்று சுவையும் வகுத்திருக்கிறார்கள். சீட்டு எழுதுவது இவற்றை எதிரெதிரே நிறுத்திச் சமன்செய்யும் வேலை.

தனி மூலிகை கொடுப்பது அபூர்வம். ஒரு சீட்டில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து சரக்குகள் வரும். அவற்றுக்குள் அரசன், அமைச்சன், உதவியாள், தூதன் என்று படிநிலை உண்டு. எஃபெட்ராக் கஷாயத்தில் எஃபெட்ராதான் அரசன். வியர்வையைத் திறந்து மூச்சை இளக்கும். இலவங்கக் குச்சி அமைச்சன். வாதுமை வகைப் பருப்பொன்று உதவியாளாக இருமலை அடக்கும். அதிமதுரம் தூதன், மற்றவர்களைச் சமாதானப்படுத்தி வைப்பது அதன் பொறுப்பு. சீனச் சீட்டுகளில் மிக அதிகமாகத் தென்படும் சரக்குகளில் அதிமதுரமும் ஒன்று. இனிப்பாக இருக்கிறதே என்று அதையே நாள்கணக்கில் அள்ளித் தின்றால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். அதனால்தான் தூதனுக்கும் அளவு உண்டு.

சட்டியும் தீயும்

சீனத்து நாட்டு மருந்துக் கடையின் அழகே அதன் இழுப்பறைச் சுவர்தான். நூற்றுக்கணக்கான சிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடுப்பு, மேலே எழுத்து. கடைக்காரர் ஒற்றைத் தட்டுத் தூக்குக்கோலில் நிறுத்து, விரித்த காகிதங்களில் பங்கிட்டு, நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுவார். பெய்ஜிங்கின் தோங்ரென்தாங் கடை 1669 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. 1723 முதல் அரண்மனைக்கு மருந்து கொடுத்தது.

நல்ல கடையில் சில சரக்குகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் கொட்டினால் மருந்து பாழ். சில நேரம் ஆபத்தும் கூட. சிப்பி ஓடு, கனிமம் போன்ற கடினச் சரக்குகள் மற்றவற்றுக்கு முன்பே கொதிக்க வேண்டும். புதினா போன்ற வாசனைச் சரக்குகள் இறக்குவதற்குச் சில நிமிடம் முன்பு சேர வேண்டும். இல்லையென்றால் வாசனையோடு குணமும் ஆவியாகிவிடும். பொடியாகவோ சுணையுள்ளதாகவோ இருப்பவை துணியில் முடிந்து போட வேண்டும், தொண்டையை அறுக்காமலிருக்க. விலை கூடிய ஜின்செங்கைத் தனியாகக் காய்ச்சிக் கடைசியில் கலப்பார்கள். கூட்டத்தோடு போட்டால் மற்ற வேர்கள் அதன் சாரத்தைக் குடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

வீட்டில் காய்ச்சும் முறை இது. மண்சட்டி சிறந்தது, கண்ணாடியோ எவர்சில்வரோ பரவாயில்லை. இரும்பு, செம்பு, அலுமினியம் கூடாது, துவர்ப்புச் சத்து உலோகத்தோடு சேர்ந்து மாறிவிடும். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சரக்குக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்குமாறு வைத்துப் பெருந்தீயில் கொதிக்கவிட்டு, பிறகு சிறுதீக்கு இறக்க வேண்டும். சாதாரண மருந்துக்கு 20 முதல் 30 நிமிடம். காய்ச்சல் மருந்து இன்னும் குறைவாகக் கொதித்தால் போதும். உடல் தேற்றும் வேர்களுக்கு ஒரு மணி நேரம் வரை. வடித்த பின் சக்கையைத் தூக்கி எறியக் கூடாது. மறுபடி தண்ணீர் விட்டு இன்னொரு முறை காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து, காலைக்கும் மாலைக்குமாகப் பிரிக்க வேண்டும்.

எப்போது குடிப்பது என்பதற்கும் விதி உண்டு. தேற்றும் மருந்து வெறும் வயிற்றில். வயிற்றைக் குடையும் மருந்து சாப்பாட்டுக்குப் பின். தூக்கத்துக்கானது படுக்கும் முன். குளிரை விரட்டும் மருந்து சூடாக, காங்கையைத் தணிப்பது ஆறியபின். குமட்டுகிறவர் கொஞ்சம் இஞ்சிச் சாறு சேர்த்து மிடறு மிடறாகக் குடிக்கலாம். கசப்பை மறைக்கச் சர்க்கரை போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சில மருந்துக்கு அந்தக் கசப்பே வேலை என்பார்கள்.

இத்தனைக்கும் நேரம் இல்லாத நகரவாசிகளுக்காக மருந்தகமே காய்ச்சி, பாக்கெட்டில் அடைத்துக் கொடுக்கிறது. வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் குருணை இன்னும் சுலபம். ஜப்பான் இதே மரபைத் தன் வழியில் வளர்த்து, 148 கூட்டு மருந்துகளை அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறது. தேன் சேர்த்துப் பிடித்த உருண்டை, சூரணம், லேகியம் போன்ற பாகு, மதுவில் ஊறவைத்தது என்று பழைய வடிவங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. கடுமையான நோய்க்குக் கஷாயம், நாள்பட்டதற்கு உருண்டை என்பது பொது வழக்கம்.

கடைக்கு வருமுன்பே நடக்கும் பக்குவம் இன்னொரு உலகம். ரெஹ்மானியா என்றொரு கிழங்கு. பச்சையாக உலர்த்தினால் உடல் காங்கையைக் குறைக்கும் குளிர்ச்சியான மருந்து. அதையே அரிசி மதுவோடு திரும்பத் திரும்ப ஆவியில் அவித்துக் காயவைத்தால் கரிய, இனித்த, வெதுவெதுப்பான தேற்று மருந்து. ஒரே செடிதான்; மருத்துவர் சீட்டில் இரண்டும் இரண்டு மருந்து. நச்சுள்ள கிழங்குகளை இஞ்சியோடும் படிகாரத்தோடும் பக்குவம் செய்து சாந்தப்படுத்துவார்கள். நம் சித்த மருத்துவர் சுத்தி செய்வது என்று சொல்வது இதைத்தான்.

பிழிந்த சாறு

1967 மே 23. வியட்நாம் போரில் வீரர்களை மலேரியா கொன்றுகொண்டிருக்க, சீன அரசு இரகசிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. தொடங்கிய தேதியே அதன் பெயரானது, திட்டம் 523. பெய்ஜிங்கில் பழைய மருத்துவ நூல்களைத் துழாவும் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தூ யூயூ. சிங்ஹாவ் என்ற செடியில் அவர் குழு நின்றது. நம் மாசிபத்திரியின் உறவுச் செடி அது. ஆனால் ஆய்வகத்தில் அது ஒரு முறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை.

தீர்வு, நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் எழுதிய அவசர சிகிச்சைக் கைந்நூலில் இருந்தது. ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்க வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கொல்கிறது என்று தூ ஊகித்தார். வெறும் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதரில் சாரத்தை இறக்கினார். 1971 அக்டோபர் 4 அன்று சோதித்த 191ஆம் மாதிரி, எலிகளின் மலேரியாக் கிருமியை முற்றாக அழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன், தூவும் அவருடன் வேலை செய்தவர்களும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் பிறந்தது. இன்று உலகெங்கும் மலேரியாவுக்குத் தரும் முதன்மைக் கூட்டு மருந்துகளின் அடிப்படை அதுதான். 2015இல் தூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லி எல்லாச் சீன மூலிகையையும் விற்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பின்பாதியையும் சொல்ல வேண்டும். பழைய நூல் வழியைக் காட்டியது. மருந்தைப் பிரித்து, அளந்து, சோதித்து நிறுத்தியது ஆய்வகம். சிங்ஹாவ் இலையைத் தேநீராகக் குடித்து மலேரியாவைத் தீர்க்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அளவு போதாது, அரைகுறை அளவு கிருமியைத்தான் பலப்படுத்தும். சில சரக்குகள் இப்படி நவீன சோதனையில் தேறியிருக்கின்றன. எஃபெட்ராவிலிருந்து எஃபெட்ரின் வந்தது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு, ஹார்பின் நகர மருத்துவர்கள் பழைய நச்சுச் சரக்கான பாஷாணத்தைக் கையாண்டதிலிருந்து ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு சிகிச்சை வந்தது. ஆனால் பத்துப் பதினைந்து சரக்கு சேர்ந்த கஷாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. நடந்த ஆய்வுகளில் பல சிறியவை, தரம் குறைந்தவை.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. நவீன சீன இலக்கியத்தின் தந்தையான லூ சுன், சிறுவனாக இருந்தபோது நோயுற்ற தகப்பனுக்காக அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். மருத்துவர் கேட்ட அனுபானங்களில் ஒன்று ஒரு ஜோடி சில்வண்டு, அதுவும் முதல் இணையிலிருந்து மாறாத ஜோடி. 1896இல் தகப்பன் இறந்தார். மகன் மேலை மருத்துவம் படிக்க ஜப்பானுக்குக் கப்பலேறினார். 1929இல் சீன அரசாங்கமே பழைய மருத்துவத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. மருத்துவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் மார்ச் 17 அன்று ஷாங்காயில் திரண்டு எதிர்த்ததால் நிறைவேறாமல் போனது.

பிரஸ்ஸல்ஸில் நடந்தது

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகரில் இளம்பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. விசாரித்தபோது எல்லோரும் ஒரே மெலிவு சிகிச்சை நிலையத்தில் மாத்திரை வாங்கியவர்கள். ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயர் ஒத்த குவாங் ஃபாங்ஜி என்ற வேறொரு செடியின் வேர் அந்த மாத்திரையில் சேர்ந்திருந்தது. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேல். பலர் டயாலிசிசுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். பிற்பாடு பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் கண்டது. 1993இல் இந்த விவரம் மருத்துவ இதழில் வந்தபோது உலகம் அதிர்ந்தது.

வேர் மாறியது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, உடல் மெலிவதற்கென்று மரபில் எழுதப்படாத சரக்கைப் பொடித்துக் குப்பியில் அடைத்து, நாடி பார்க்காமல், மற்ற இரசாயன மாத்திரைகளோடு மாதக்கணக்கில் விழுங்கவைத்தது. ஆனால் மரபின் மீதும் பழி உண்டு. அந்த அமிலம் உள்ள வேறு சில செடிகளைச் சீனத்திலேயே தலைமுறைகளாகக் கொடுத்துவந்தார்கள். சிறுநீரகத்தை மெல்லத் தின்னும் நஞ்சு நாடியில் தெரியாது. அவற்றில் ஒன்றான குவான் முதோங்கை 2003இல்தான் சீனா விலக்கியது. இதைத் தூரத்துச் செய்தியாகப் படிக்க வேண்டாம். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே குடும்பம். அதே அமிலம் அவற்றிலும் இருக்கிறது.

எஃபெட்ராவுக்கும் இதே கதி. சீனச் சீட்டில் அது சில நாள் மருந்து; முதலில் தனியே கொதிக்கவைத்து நுரையை எடுத்துவிட்ட பிறகே மற்றச் சரக்குகளைச் சேர்க்கச் சொன்னார் ஜாங். அமெரிக்காவில் மெலிவதற்கும் விளையாட்டில் ஊக்கத்துக்கும் மாத்திரையாக விற்றார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் தொடர, 2004இல் அத்தகைய மாத்திரைகள் தடை செய்யப்பட்டன. நாபிக் கிழங்கு வகையான ஃபூஸி, பக்குவம் செய்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் மருந்து. அரைகுறையாகக் காய்ச்சினால் இதயத்தை நிறுத்தும். ஹாங்காங் மருத்துவமனைகள் இந்த நஞ்சேற்றத்தை நன்றாக அறியும்.

விலங்குச் சரக்கு பற்றி ஒரு வார்த்தை. காண்டாமிருகக் கொம்பு, புலி எலும்பு வணிகத்தைச் சீனா 1993இல் தடை செய்தது. எறும்புத்தின்னி ஓட்டை 2020இல் தன் மருந்துத் தொகுப்பேட்டிலிருந்து எடுத்தது. ஆனாலும் கள்ளச்சந்தை சாகவில்லை. கழுதைத் தோல் கோந்துக்காக ஆப்பிரிக்கக் கழுதைகள் அழிந்துவந்ததால், 2024இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தடை விதிக்க வேண்டியிருந்தது. இவற்றைக் கேட்டு வாங்குவதை நிறுத்துவது ஒன்றே வழி. காண்டாமிருகக் கொம்புக்கு எருமைக் கொம்பை மாற்றாக வைக்க மருத்துவத்தால் முடிந்ததே.

நமக்கும் அவர்களுக்கும்

கடல் வழியே சரக்குகள் இரு பக்கமும் போயின. தமிழ் வணிகர்கள் சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டை விட்டுச் சென்றார்கள்; மிளகும் நறுமணச் சரக்கும் வந்திறங்கிய துறை அது. கடுக்காயும் மிளகும் சீன மருந்து நூல்களில் இடம்பெற்றன. 1,892 சரக்குகளை விவரித்து லி ஷிஷென் 1578இல் முடித்த பெருநூலிலும் அவை இருக்கின்றன. 27 ஆண்டு உழைத்து எழுதிய அந்த நூல் அச்சானதைப் பார்க்காமலே 1593இல் அவர் இறந்தார்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு இது பக்கத்துக் கடை. பேராக்கின் கோப்பெங்கில், ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1879இல் தொடங்கிய சிறு கடைதான் இன்றைய இயூ யான் சாங். சிங்கப்பூரில் 1867இல் சீன வணிகர்கள் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுத்தது. அங்கே சட்டமும் உண்டு: சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. சீன மூலிகை மருத்துவம் நம் ஆயுஷ் பட்டியலில் இல்லை. எனவே இங்கே இணையத்தில் வாங்கும் குப்பிக்கும், தன்னைச் சீன மருத்துவர் என்று சொல்லிக்கொள்பவருக்கும் உரிமம் தந்து பொறுப்பேற்கும் அமைப்பு கிடையாது.

அதனால் வாசகர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர் பதிவுபெற்ற மருத்துவரிடம் மட்டும் போங்கள். இரண்டு வாரச் சீட்டை ஆறு மாதம் நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் கடன் வாங்காதீர்கள். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர் டான்ஷென், டாங்குவெய் என்ற சீன மூலிகைகள் கலந்த எதையும் தொடக் கூடாது, இரத்தக்கசிவு ஏற்படும். கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், சிறுநீரகமோ ஈரலோ பழுதானவர்கள் ஒதுங்கியிருப்பதே நல்லது. தமிழ்நாட்டில் இருப்பவர், சரக்குகளின் முழுப் பட்டியல் இல்லாத மெலிவு மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, வீரிய மாத்திரை எதையும் வாங்க வேண்டாம். மறைவாக ஸ்டீராய்டும் வேறு இரசாயனங்களும் கலந்த மாத்திரைகள் மூலிகை என்ற பெயரில் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்து, கண் மஞ்சளானாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.